பின் அச்சில் இருந்த தகடு

மாப்ளே,

காலையில் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. உள்ளங்கை நீளம், இரண்டு விரல் அகலம், நடுவில் மடக்கி இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட சாதாரண இரும்புத் தகடு. அதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும். நீ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு வண்டியைத் தயார் செய்தபோதுதான் அதை முதன்முதலில் பார்த்தேன். வழக்கம்போல உன் கோழிப் பண்ணை வாசலிலேயே நிறுத்தி, ஜாக்கி வைத்து, பின்பக்கம் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். பின் அச்சுக்கும் மேலே சேசிஸ் சட்டத்தில் இருக்கும் ஒரு வால்வுக்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்று போகுமே, அந்தக் கம்பியின் அடியில் இந்தத் தகடு முடுக்கியிருந்தது. கம்பெனியில் வந்ததாகத் தெரியவில்லை. நான் போட்டதும் இல்லை. நமது பிக்கப்பில் எனக்குத் தெரியாமல் ஒரு போல்ட்டு இருக்கிறது என்பதையே என்னால் தாங்க முடியவில்லை.

"எவன்டா என்ற வண்டியில கை வெச்சது?" என்று அடியில் படுத்தபடியே கத்தினேன். நீ இருந்திருந்தால், "மெதுவாப் பேசு மாப்ள, கோழி மெரளுது" என்று சொல்லியிருப்பாய். பதில் சொல்ல யாருமில்லை. தகட்டைக் கழற்றி டேஷ்போர்டு டப்பாவுக்குள் எறிந்தேன். கம்பியைப் பழையபடி நேராக அச்சிலேயே மாட்டினேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

இந்த வண்டியை நாம் சங்ககிரியில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் பார்த்தபோது அதற்கு வயது பன்னிரண்டு. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். காலை பதினொரு மணிவரை உனக்கு, முட்டை ஏற்ற. அதற்குமேல் எனக்கு, மக்காச்சோள மூட்டை ஏற்ற. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு. ஊரில் எல்லோரும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் நமது வண்டி ஞாயிற்றுக்கிழமை குளிக்கும் என்று உன் வீட்டுக்காரி கேலி செய்வாள். நமக்குப் பட்டறைக்குப் போவதில் இஷ்டமில்லை. பின்பக்கத்துக்குக் கம்பிச் சட்டம் வெல்டு வைத்தது, தார்ப்பாய்க்கு வளையம் அடித்தது, கதவுக் கண்ணாடி இறக்கும் மிஷினை மாற்றியது, கிளட்ச் பிளேட் இறக்கியது எல்லாம் நாமேதான். செல்போனில் வீடியோவைப் போட்டுச் சக்கரத்தின்மேல் சாய்த்துவைத்து, பார்த்துப் பார்த்துச் செய்தோம். வேலை முடிந்ததும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவோம். சாமான் எடுத்துக் கொடுப்பது நீ, முடுக்குவது நான். அதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

உனக்கு ஒரு பழக்கம். எதைச் செய்தாலும் கடைசியில் தட்டிப் பார்த்து, "ஓடுதில்ல, உடு மாப்ள" என்பாய். நான் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் நீ அப்படி இல்லை. வண்டி வாங்கிய வருஷம் நான் புது ஹாரன் மாட்டினேன். அழுத்தினால் ஹாரன் அடித்தது, கூடவே முன்விளக்கு அணைந்தது. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது அதை நீ சொல்லிச் சிரித்தாய். "மாப்ள ஒயரு புடிச்சான்னா மின்னலுக்கே வழி தெரியாது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆடியில் வந்த கோபம் புரட்டாசியில்தான் தீர்ந்தது. அத்தனை நாளும் மூட்டைக்கு வாடகை வண்டி பிடித்தேனே தவிர உன் வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் நீதான் வந்தாய். "பிரேக் ஷூ மாத்தோணும், எனக்குக் கை வல்ல, வந்து பாரு" என்றாய். உனக்குக் கை வரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தேன். அதற்குப் பிறகு என் வேலையில் நீ ஒரு குறைகூடச் சொன்னதில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. மனுஷனுக்குத் தன் பெருமை வந்துவிட்டால் கண் எங்கே தெரியும்.

பிறகுதான் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை விவகாரம். முப்பது மூட்டை ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடுகிறது, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுவிடலாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நீ வேண்டாம் என்றாய். "கட்டையாட்டம் குதிக்கும் மாப்ள, என்ற முட்டையெல்லாம் ஒடையும்." நான் விடவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க முக்கி முனகி யூ போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் பட்டை ஏற்றினேன். வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு சேவல் மாதிரி நின்றது. எனக்கு ஒரே பூரிப்பு. நீ மட்டும் குனிந்து அடியில் எதையோ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ன பாக்கற?" என்றேன். "ஒண்ணுமில்ல. ஓடுதில்ல, உடு" என்றாய். மறுநாளிலிருந்து முட்டை அட்டைகளுக்குக் கீழே உமி மூட்டை போட்டு அடுக்கிக்கொண்டாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

தகட்டைக் கழற்றிய மறுநாள் முட்டை நடை இல்லாததால், காலையிலேயே முப்பது மூட்டையோடு ராசிபுரம் போனேன். எனக்கு முன்னால் ஒரு போர்வெல் ரிக் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அது திடீரென்று வேகத்தைக் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் மூக்கைக் குத்தியது, ஆனால் வண்டி நிற்கவில்லை. முப்பது மூட்டையும் பின்னாலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனது. முழு பலத்தோடு மிதித்தேன். அப்போதும் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி மண்ணில் இறங்கி, ஒரு வேப்பமரத்துக்கு முன்னால் செத்துப் போய் நின்றது. அந்தக் குழாயின் முனை என் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்துபோனது. அந்த முனையில் கட்டியிருந்த சிவப்புத் துணி இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கதவைத் திறந்து இறங்கத் தெரியவில்லை மாப்ளே, கைப்பிடி எங்கே இருக்கிறது என்றே மறந்துபோனது.

முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போய் அருகில் இருந்த பட்டறையில் விட்டேன். இத்தனை வருஷத்தில் பிரேக்குக்காக நான் பட்டறை வாசலில் நின்றது அன்றுதான். பட்டறைக்காரர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பட்டை ஏத்தியிருக்கீங்ளா?"

"ஆமாங்க."

"இந்தக் கம்பி எதுக்குன்னு தெரியுங்ளா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவரே சொன்னார். "வண்டியில எவ்வளவு பாரம் இருக்குதுன்னு பிரேக்குக்குச் சொல்றது இதுதானுங்க. பாரம் ஏறுனா பாடி கீழ எறங்கும், கம்பி மேல தள்ளும், பின் சக்கரத்துக்குப் பிரேக் நெம்பப் போவும். நீங்க பட்டை போட்டுப் பாடியத் தூக்கி உட்டுட்டீங்க. முப்பது மூட்டை இருந்தாலும் வண்டி காலின்னு நெனச்சுக்குது. பின் பிரேக்குக்குப் பாதிகூடப் போவாது." பிறகு அச்சின்மேல் விரலால் தடவினார். "இங்க துரு இல்லாம ஒரு தடம் இருக்குது பாருங்க. ஒரு தகடு இருந்திருக்கோணும். வெவரம் தெரிஞ்ச ஆளு போட்டிருக்கறாரு. ஆருங்க கழட்டுனது?"

டேஷ்போர்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கட்டைவிரல் ஓரத்தில் பட்டது. வழவழவென்றிருந்தது. நாலு ஓரமும் அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தது. ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட். உன் கோழிக் கூண்டுச் சட்டத்துக்கு அடித்த அதே பச்சை. ஊரில் தகட்டு ஓரத்தைத் தேய்த்துவிட்டு மாட்டுகிற பைத்தியம் வேறு யார் இருக்கிறார்கள்? "நாளைக்கி இதுக்குள்ள கையை உடறவன் நம்மளத் திட்டப்படாது" என்பாய். நான் நேரம் போகிறது என்று உன்னைத் திட்டுவேன்.

பட்டறையின் எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருஷம். ஐந்து வருஷமாக நான் மூட்டை ஏற்றிப் போன ஒவ்வொரு நாளும் நீ போட்ட தகடுதான் என்னை நிறுத்தியிருக்கிறது. நான் அதை என் கைவேலை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ போன நாளும் எனக்கு அப்படித்தான் ஆனது. பதினொன்றே கால் ஆகிவிட்டது, வண்டி வரவில்லை என்று கடுப்போடு வந்தேன். முட்டை பாதி ஏற்றியபடி வண்டி நின்றது. நீ பின் சக்கரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். "ஏன்டா, எனக்கு ரெண்டு நடை இருக்குது, இங்க உக்காந்து தூங்கறயா?" என்று சத்தம் போட்டேன். இரண்டாவது தடவையும் போட்டேன். மூன்றாவது தடவை தோளைப் பிடித்து உலுக்கினேன். நெஞ்சு நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செத்த மனிதனைத் திட்டினேன் நான். எட்டு மாதம் ஆகியும் அந்த அதிர்ச்சி அடங்கவில்லை. அதற்குமேல் ஒன்று இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது.

பட்டறைக்காரர் தகட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இதே மாதிரி பட்டை ஏத்துன வண்டி வேற இருந்தா சொல்லி வெய்யுங்க. மலைப்பக்கம் போற வண்டின்னா நெம்ப ஆவத்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வண்டியைப் பார்த்துவிட்டு மூன்று பேர் என்னிடம் வந்து, தங்கள் பிக்கப்புக்கும் பட்டை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றும் நானே செய்தது. மூன்றிலும் அந்தக் கம்பியை நான் தொட்டதில்லை.

முதலில் ஜவ்வரிசி மூட்டை ஓட்டும் செல்லமுத்துவுக்குப் போன் போட்டேன். "வண்டியை நிறுத்து, பின் அச்சுக்குமேல ஏதாச்சும் தகடு இருக்குதான்னு பாரு" என்றேன். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "இருக்குதுங்ணா. நீங்க பட்டை போட்ட மக்யா நாளே உங்க கூட்டாளி வந்து மாட்டிட்டுப் போனாருங்ளே. 'மாப்ள ஒரு போல்ட்டுப் போட மறந்துட்டான், என்னைய அனுப்புனான்'னு சொன்னாருங்க. நீங்கதான அனுப்புனீங்க?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்து செங்கல் ஓட்டும் பெருமாள். அவனும் அதையேதான் சொன்னான். நீ வந்தாயாம். நான் அனுப்பியதாகச் சொன்னாயாம். அரைமணி நேரத்தில் மாட்டிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனாயாம். என் முதுகுக்குப் பின்னாலேயே வந்து என் தப்பை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, பெயரை மட்டும் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

மூன்றாவது வண்டி ராஜாமணியுடையது. சேந்தமங்கலத்துக்காரி, சொந்தமாகப் பிக்கப் வைத்துத் தானே ஓட்டுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் கொல்லிமலைக்கு ஏறி, சோளக்காடு சந்தையில் வாழையும் பலாவும் அன்னாசியும் வாங்கி ஏற்றி இறங்குவாள். எழுபது கொண்டை ஊசி வளைவு. அவள் வண்டிக்கு நான் பட்டை ஏற்றியது போன மாதத்துக்கு முந்தின மாதம். நீ போய் ஆறு மாதம் கழித்து.

அதில் தகடு இல்லை. போட ஆள் இல்லை.

போன் எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்குப் போட்டேன். "மலைக்குப் போயிருக்கறாளுங்க, சந்தை நாளு. மேல டவர் கெடைக்காதுங்க, மத்தியானம் எறங்கிருவா" என்றார். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ராஜாமணி என்னைக் கூப்பிட்டு, "பிரேக்கு தள்றாப்பல இருக்குதுங்ணா, என்னன்னு பாக்கறீங்ளா?" என்று கேட்டிருந்தாள். "பட்டையில ஒரு கொறையும் இல்ல. ஓட்டத் தெரியலைன்னா வண்டியக் குத்தஞ் சொல்லாத" என்று போனை வைத்திருந்தேன்.

பட்டறைக்காரர் உன் தகட்டை அளந்து, அதேபோல ஒன்று வெட்டிக் கொடுத்தார். மூட்டைகளை அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு நமது வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். காரவள்ளி அடிவாரத்தில் அவள் வண்டி இறங்கவில்லை என்றார்கள். ஏற ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு, எதிரே என்ன வரும் என்று பயந்து பயந்து திருப்பினேன். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். உடைந்திருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே ஏறினேன் மாப்ளே. வாய்விட்டே திட்டினேன். மூன்று வண்டியைச் சரி செய்தாயே, என்னை ஏன்டா அப்படியே விட்டுவிட்டாய்? அன்றைக்கே என் சட்டையைப் பிடித்து, "உன்ற வேலை தப்புடா" என்று சொல்லியிருந்தால் ராஜாமணி வண்டி இன்றைக்கு இப்படி மலைமேல் இருக்குமா?

நாற்பத்து மூன்றாவது வளைவில் அவள் வண்டியைப் பார்த்தேன். ஓரமாக நின்றது. பின்னால் பலாப்பழம் கொள்ளாமல் நிறைந்திருந்தது. நாலு சக்கரத்துக்கும் கல் அண்டக் கொடுத்திருந்தாள். முன் சக்கரத்திலிருந்து பிரேக் லைனிங் தீய்ந்த நாற்றம். அவள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள்.

"ஏனுங்ணா, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"வண்டிய எடுக்காத ராஜாமணி."

"எடுக்கலீங்க. ஆறட்டும்னு நிறுத்தியிருக்கறேன். அஞ்சு வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி ஆற வெச்சுத்தானுங்க எறங்கறது."

"எத்தன நாளா?"

"நீங்க பட்டை போட்டதுல இருந்துங்க."

நான் தகட்டை நீட்டினேன். "பட்டை போட்டப்ப இதையும் போட்டிருக்கோணும். போடல. போடோணும்ங்கறதே எனக்குத் தெரியாது. தப்பு என்னுது." இந்த வயதுவரை இந்தக் கடைசி வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அவள் தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னனுங்ளே, பிரேக்கு தள்ளுதுன்னு."

"சொன்ன."

"எனக்கு ஓட்டத் தெரியலைன்னீங்க."

"சொன்னேன்."

"நானும் எனக்குத்தான் தெரியலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க. வேற ஆருகிட்டயும் கேக்கக் கூச்சமாப் போச்சு."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். வண்டியில்தான் கோளாறு இருந்தது, அது தன் கையில் இருப்பதாக நம்பவைத்து ஒரு பெண்ணை வாரம் இரண்டு தடவை எழுபது வளைவு இறங்க விட்டிருக்கிறேன். மாப்ளே, என் கோபத்துக்கு இவ்வளவு நீளம் கை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ரோட்டிலேயே மல்லாந்து படுத்து அவள் வண்டிக்கு அடியில் போனேன். அவசரத்தில் ஓரம் தேய்க்காமல் வெட்டிய தகடு, முடுக்கும்போது கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தத்தோடு முடுக்கினேன். பிறகு பாதிப் பழத்தை நமது வண்டிக்கு மாற்றிக்கொண்டு, இரண்டாவது கியரில் அவள் முன்னே, நான் பின்னே இறங்கினோம். அடிவாரத்தில் அவள் ஓட்டிப் பார்த்து ஒருமுறை மிதித்தாள். பின்பக்கம் பதிந்து, வண்டி சொன்ன இடத்தில் நின்றது. முன்பிரேக் லைனிங்கை மறுநாளே மாற்றித் தருவதாகச் சொன்னேன். அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பழத்தைத் தன் வண்டிக்கு மாற்றும்போது மட்டும், "இனிமே ஆராச்சும் சொன்னாக் காது குடுத்துக் கேளுங்ணா" என்றாள்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். எனக்குத் தங்கச்சி முறையான உன் வீட்டுக்காரி கோழிக்குத் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் விரலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மஞ்சள் கொண்டுவந்தாள். நான் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அது என்னை இன்னும் தூக்கிப் போட்டது.

"உனக்குத் தெரியுமா அம்மணி?"

"தெரியுமுங்ணா. இங்கதான ஒக்காந்து தகட்டை வெட்டுனாரு. மூணு வாட்டி வெட்டுனாரு. 'அண்ணங்கிட்டச் சொல்லிப் போடுங்க'ன்னு நானும் சொன்னனுங்க."

"என்ன சொன்னான்?"

அவள் தீவனக் கூடையைக் கீழே வைத்தாள். "'சொன்னா வண்டி சரியாயிரும், அவன் வாரது நின்னு போயிரும். ஞாயித்துக்கெழமைக்கு எனக்கு வேற ஆரு இருக்கறா'ன்னாருங்ணா."

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன கோபம் இருந்தாலும் உன்னிடம் வராமல் எங்கே போவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால், வந்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. உனக்கு அது தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி என்னைவிட உனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு சிநேகிதனிடம் உண்மையைச் சொல்லவிடாத ஆளாக இத்தனை வருஷம் அவன் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உன்மேல் வருத்தம் இல்லாமல் இல்லை. நீ சொல்லியிருக்க வேண்டும். நான் போயிருந்தாலும் பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். உன் மௌனத்துக்கும் என் கோபத்துக்கும் நடுவில் ராஜாமணி மாட்டிக்கொண்டாள். அவள் ஜாக்கிரதைக்காரி என்பதால் தப்பித்தாள், நம்மால் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பண்ணை வாசலுக்குத் தங்கச்சியும் வருகிறாள். முட்டை நடையை அவளே பார்த்துக்கொள்கிறாள், வண்டியில் பாதி அவளுடையது. நான் முடுக்கி முடித்ததும் பக்கத்தில் நின்று பார்த்து, "அண்ணா, இது சரியில்லையாட்ட இருக்குது" என்கிறாள். செல்லமுத்துவும் சொல்கிறான். ராஜாமணி போனிலேயே சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சூடேறுகிறது மாப்ளே, மாறிவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடத்தான் தோன்றுகிறது. உன்னை நினைத்துக்கொண்டு, போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.